எட்டுக்கால் உண்டு, எட்டுக்கால் பூச்சி இல்லை

அமலதாஸ் வாத்தியாருக்குத் தெளிவாகத் தெரிந்த விஷயம் என்று உலகத்தில் ஒன்றுமே கிடையாது. அவரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. கேட்டால் அவரே ஒத்துக்கொள்வார், ஒத்துக்கொண்ட கையோடு "ஆனால்..." என்று ஆரம்பிப்பார். காரைக்குடியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் எடுக்கிறார். வௌவால் பறவையா என்று ஒருவன் கேட்டால், இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போக வேண்டியதுதானே? "இல்லை. ஆனால்..." என்று இழுத்து, மணி அடிக்கிற வரைக்கும் வௌவாலை அந்தரத்தில் தொங்கவிடுவார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ஆனால் சார். அது அவருக்கும் தெரியும். அது கேலியா பிரியமா என்பதுதான் தெரியாது.

அவருடைய மனைவி ஞானபூரணி இதற்கு நேர் எதிர். எதையும் வெட்டொன்று துண்டிரண்டாகப் பேசுகிற ஆள். புதுவயலில் ஒரு ரைஸ்மில் ஆபீசுக்கு டைப்பிஸ்ட்டாகப் போனவர், இப்போது அதே நாற்காலியில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். கோட்டையூரில் பெரிய வீடுகளின் பின்பக்கச் சுவர்கள் வரிசையாக நிற்கிற ஒரு தெருவில், அமலதாஸின் அப்பா கட்டிய ஓட்டு வீட்டில் இருவரும் குடியிருக்கிறார்கள். கல்யாணமான நாளிலிருந்து அமலதாஸ் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இந்தா" என்பார். ஏதாவது அவசரம் என்றால் இரண்டு தரம் "இந்தா, இந்தா" என்பார். வெட்கமா, வழக்கமா என்று கேட்டால் அதிலும் அவருக்குக் குழப்பம்தான்.

குழந்தை இல்லை. அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டியதில்லை, ஊருக்கே தெரியும். மதுரையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஞானபூரணிக்கு எல்லாப் பரிசோதனையும் செய்தார்கள், ஒரு கோளாறும் இல்லை என்றார்கள். அமலதாஸையும் பரிசோதனைக்கு வரச் சொன்னார் டாக்டர். "ஆம்பளைக்கு எதுக்கு அதெல்லாம்?" என்றார் அமலதாஸின் அம்மா. "போகலாம், ஆனால்..." என்றார் அமலதாஸ். அந்த "ஆனால்" இழுத்து இழுத்தே வருஷங்கள் போய்விட்டன. ஞானபூரணியின் சித்தி ஒருத்தி மட்டும், "யாரோ எதையோ வச்சுட்டாகடி, அதான்" என்று ஒவ்வொரு பண்டிகைக்கும் மறக்காமல் சொல்லிவிட்டுப் போவாள். ஞானபூரணி சிரிப்பார். செய்வினையாவது மண்ணாங்கட்டியாவது, நாம சிலுவை போடுற வேதக்காரங்க என்பார். உள்ளுக்குள் அது ஒரு ஓரத்தில் கிடந்தது.

அதனால்தான் அந்த ஐப்பசி மாதச் சனிக்கிழமை காலையில் அப்படி ஆயிற்று. மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை என்று கொல்லையிலிருந்த கிணற்றை எட்டிப் பார்த்தார் ஞானபூரணி. செம்புராங்கல் வைத்துக் கட்டிய பழைய கிணறு. மழைக்குக் கல்லெல்லாம் ஊறிக் கறுத்திருந்தது. கைக்கெட்டுகிற தூரத்தில், இரண்டு கல்லுக்கு நடுவே, ஒரு கொத்து முடி ஒட்டியிருந்தது. சீப்பிலிருந்து உருவிச் சுருட்டிப் போட்டால் எப்படி இருக்கும், அப்படியே. கறுப்பாக, சிக்கலாக, ஒரு கைப்பிடி அளவுக்கு.

ஞானபூரணிக்குச் சித்தி சொன்னது ஞாபகம் வந்தது. கிணற்றில் முடி வைத்திருக்கிறார்கள் என்றால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். சத்தம் போடாமல் வீட்டுக்குள் போய், மாதா சுரூபத்துக்குப் பின்னால் இருந்த, பாஸ்காத் திருநாளில் மந்திரித்துக் கொடுத்த தீர்த்தத்தை எடுத்து வந்தார். சிலுவை போட்டுக்கொண்டு, முடியின் மேல் தெளித்தார். முடி மேலும் கீழுமாக ஆடியது. இன்னொரு தரம் தெளித்தார். முடி பிரிந்து, நாலா பக்கமும் நடந்து போயிற்று.

"என்னங்க! வாரீகளா இங்குட்டு! முடி நடக்குது! முடி நடக்குதுங்க!"

வாயில் பிரஷ்ஷோடு ஓடி வந்தார் அமலதாஸ். நடந்து போன முடியில் ஒன்றை எட்டிப் பிடித்தார். கையில் ஒரு கால் மட்டும் மிஞ்சியது, காலுக்கு உரியது தப்பித்துப் போய்விட்டது. தனியாகக் கிடந்த அந்தக் கால் அவர் உள்ளங்கையில் விட்டு விட்டுத் துடித்தது. விரலில் ஒரு மாதிரி மருந்து வாடை ஏறியது. பிரஷ்ஷைத் துப்பிவிட்டு, கல்லில் நின்ற மற்றவற்றின் காலை எண்ணினார். ஒன்றுக்கு ஆறு. ஆறு கால் என்றால் பூச்சி. பக்கத்தில் இருந்ததற்கு எட்டு. எட்டு என்றால் சிலந்தி வகை. அதற்கும் பக்கத்தில் இருந்ததற்கு ஏழு. ஏழு காலுக்கு அவர் படித்த விலங்கியலில் இடமே கிடையாது. பிடிக்க வந்தால் காலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஓடுகிற சாதி இது என்று ஒரு வழியாகப் புரிந்துகொண்டார்.

"எட்டுக்கால் பூச்சிதானா? இதுக்கா நான் இந்தக் கூப்பாடு போட்டேன்?" என்றார் ஞானபூரணி. தீர்த்தப் பாட்டிலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்.

"எட்டுக்கால் இருக்கு. ஆனால் எட்டுக்கால் பூச்சி இல்ல."

"எட்டுக்கால் இருக்குங்கிறீக..."

"பூச்சியும் இல்ல. பூச்சின்னா ஆறு காலுதான இருக்கணும்?"

"எட்டுக்கால் இருக்கு, எட்டுக்கால் பூச்சி இல்ல, பூச்சியே இல்ல. காலையில காப்பி குடிச்சீகளா இல்லையா?"

அமலதாஸ் சொன்னதில் தப்பில்லை. நாம் எட்டுக்கால் பூச்சி என்று சொல்கிற சிலந்திக்கு இடுப்பு உண்டு, உடம்பு இரண்டு துண்டு. இதற்கு இடுப்பே இல்லை. மிளகுக்கு எட்டு முடி முளைத்த மாதிரி ஒரே உருண்டை. முதுகின் மேல் சின்ன மேடு கட்டி அதில் இரண்டு கண்ணை வைத்திருக்கிறது. நூல் விடாது, வலை பின்னாது, விஷம் கிடையாது. சிலந்தி இரையின் சாற்றைத்தான் உறிஞ்சும். இது கிடைத்ததைப் பிய்த்துத் தின்னும். எட்டுக் காலில் இரண்டாவது ஜோடிதான் நீளம், அதைக் கொண்டு கண் தெரியாதவர் கோல் மாதிரி முன்னால் தட்டித் தட்டிப் பார்த்து நடக்கும். இவ்வளவும் புத்தகத்தைப் புரட்டி அவர் தெரிந்துகொண்டவை. தமிழில் இதற்கென்று பெயர் ஏதும் அவருக்குக் கிடைக்கவில்லை. வெளிநாட்டில் அறுவடைக் காலத்தில் வயலில் தென்படுமாம், அதனால் இங்கிலீஷில் அறுவடைக்காரன் என்று பெயராம்.

"அறுப்புக்காரன்னு சொல்லுங்க சார்" என்றார் ஆசிரியர் அறையில் தமிழ் வாத்தியார் மருதுபாண்டி. "பன்னண்டாம் வகுப்புல நீங்க போடுற அறுப்பு போதாதுன்னு வீட்டுக்கே வந்து சேந்துருச்சு."

படங்களைக் கோயம்புத்தூரில் இந்த வகைப் பிராணிகளை ஆராய்கிற மீனாட்சிசுந்தரம் என்பவருக்கு வாட்ஸப்பில் அனுப்பினார் அமலதாஸ். அவர் உடனே போன் செய்தார். இவற்றைப் பெரும்பாலும் மலைப்பக்கம்தான் பார்த்திருக்கிறோம் சார், சிவகங்கை மாதிரிக் காய்ந்த சீமையில் யாரும் தேடியதே இல்லை, இது புது இனமாகக்கூட இருக்கலாம், நாலைந்து பிடித்து ஸ்பிரிட்டில் போட்டு அனுப்புங்கள் என்றார். அமலதாஸ் அனுப்பினார். பதில் வர மாதக்கணக்கில் ஆயிற்று. வந்த பதிலும் ஒன்றும் தெளிவாக இல்லை.

"எல்லாமே பெண் சார்" என்றார் மீனாட்சிசுந்தரம். "அந்தக் காலத்துல காலில் இருக்கிற கணுவை எண்ணித்தான் இனம் பிரிச்சாங்க. ஒரே பிராணிக்கு இடது காலில் ஒரு எண்ணிக்கை, வலது காலில் வேற எண்ணிக்கை. இடது காலைப் பார்த்தா ஒரு பேரினம், வலது காலைப் பார்த்தா இன்னொரு பேரினம். அப்படி வச்ச பேரை எல்லாம் இன்னைக்கு வரைக்கும் அழிச்சுக்கிட்டு இருக்கோம்."

அமலதாஸுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. தன்னை மாதிரியே குழம்பிப்போன ஒரு சாஸ்திரம் உலகத்தில் இருக்கிறது என்பது அவருக்குப் பெரிய ஆறுதல். "அப்ப எதை வச்சுத்தான் சார் முடிவு பண்ணுறது?"

"ஆணை வச்சுத்தான். சிலந்தி ஆணுக்கு இல்லாத ஒரு உறுப்பு இதுல ஆணுக்கு உண்டு. அதை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் இன்ன இனம்னு உறுதியாச் சொல்ல முடியும். ஆண் கிடைக்கலைன்னா இது பேரில்லாமலே கிடக்க வேண்டியதுதான். சில வகையில ஆணே ரொம்ப அபூர்வம், பெண்ணே தனியா முட்டை போட்டுப் பொரிக்கிறதும் உண்டு."

இதை மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், இரண்டு நாள் விழுங்கி, மூன்றாம் நாள் சாப்பிடும்போது மோருக்கு நடுவில் சொன்னார். "ஆம்பளை வேணுமாம். ஆம்பளையத்தான் சோதிச்சுப் பாப்பாகளாம்."

ஞானபூரணி கரண்டியைக் கீழே வைத்தார். "ஆம்பளையவா?"

"ஆமா. பொம்பளைய வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதாம்."

"பரவாயில்லையே. அங்குட்டாவது ஆம்பளையச் சோதிக்கிறாகளே."

மனைவியின் முகத்தைப் பார்த்தார் அமலதாஸ். சிரிக்கிறாரா இல்லையா என்று தெரியவில்லை. மதுரை ஆஸ்பத்திரியின் வராந்தாவில் ஒரு பெஞ்சின் மேல் தனியாக உட்கார்ந்திருந்த முகம் அது என்பது மட்டும் தெரிந்தது. அமலதாஸுக்கு வெட்கமாக இருந்தது, இத்தனை வருஷம் கழித்து.

"இதுக்கு உன் பேரைத்தான் வைக்கச் சொல்லப்போறேன்" என்றார் திடீரென்று. "முதல்ல பாத்தது நீதான? உலகத்துல எங்க இந்தப் பிராணியப் பத்தி எழுதினாலும் உன் பேரைச் சொல்லித்தான் எழுதணும். நம்ம காலத்துக்கு அப்புறமும் அது நிக்கும்."

ஞானபூரணி காத்திருந்தார்.

"ஆனால் ஆம்பளை ஒண்ணு கிடைக்கணும்" என்றார் அமலதாஸ்.

"அதான பாத்தேன்" என்று ஞானபூரணி தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆனால் மறுநாள் காலையில் கிணற்றுக் கல்லிடுக்கில் ஒரு துண்டு நெத்திலிக் கருவாடு இருந்தது. அதற்கடுத்த நாளும் இருந்தது. தமக்கு ஆசை இருக்கிறது என்று ஞானபூரணி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் அமலதாஸை வாட்டியது. அந்தப் பெயர் மனைவிக்கு எவ்வளவு வேண்டியிருக்கிறது என்பது கருவாட்டு வாடையிலேயே தெரிந்தது.

தை பிறந்ததும் மழை நின்றுபோயிற்று. மாசியில் கல் உலர்ந்தது. முடிக்கொத்து சிறுத்துக்கொண்டே வந்தது. ஞானபூரணி ஒரு கோணிச் சாக்கை நனைத்துக் கிணற்றின் உள்சுவரில் தொங்கவிட்டார். மில்லிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியதும், காப்பிகூடக் குடிக்காமல், வாளியில் தண்ணீர் இறைத்துச் சாக்கின் மேல் ஊற்றுவார். பக்கத்து வீட்டுச் செந்தாமரை மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து வாயைப் பிளந்தாள். "என்னக்கா, கிணத்துல இருந்து எடுத்துக் கிணத்துக்கே தண்ணி ஊத்துறீக?"

"அதுக்கும் தாகம் எடுக்காதா?" என்றார் ஞானபூரணி.

அக்கினி நட்சத்திரம் முடியும்போது சாக்குக்குப் பின்னால் ஒன்றுகூட இல்லை. அமலதாஸ் டார்ச் அடித்துத் தேடினார். செத்துப்போயிற்றா, ஆழத்துக்குப் போயிற்றா, ஈரமண்ணில் முட்டை போட்டுவிட்டுக் கதையை முடித்துக்கொண்டதா, ஒன்றும் விளங்கவில்லை. மீனாட்சிசுந்தரத்தைக் கேட்டால், மூன்றுமே நடக்கக்கூடியதுதான் சார் என்றார். ஞானபூரணி அதற்குப் பிறகும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தவில்லை. காலியான சாக்குக்குத் தண்ணீர் ஊற்றுகிற மனைவியைப் பார்க்கிறபோதெல்லாம் அமலதாஸ் உள்ளே போய் வேறு ஏதாவது வேலை இருப்பது மாதிரிப் பாவனை செய்வார்.

அடுத்த ஐப்பசியில் குட்டி குட்டியாக வந்தன. கார்த்திகைக்குள் தோல் உரித்து உரித்துப் பெரிதாகின. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பும்போது, கருவாட்டின் பக்கத்தில் ஒன்று மட்டும் தனியாக நிற்பதைப் பார்த்து டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்துவிட்டார் ஞானபூரணி.

"இதுக்கு ஆறு காலுதான் மிச்சம் இருக்கு" என்றார் அமலதாஸ். "இதைப் போய் எப்படி அனுப்புறது? நல்லதா ஒண்ணு பிடிக்கலாம். ஆனால்..."

"அனுப்புங்க" என்றார் ஞானபூரணி.

அனுப்பினார். அதுதான் ஆண். புது இனமும்தான். மீனாட்சிசுந்தரம் போனில் சின்னப்பிள்ளை மாதிரிக் கத்தினார். கட்டுரை எழுதுகிறேன், திங்கட்கிழமை பத்திரிகைக்கு அனுப்பிவிடுவேன், அதற்கு முன்னால் உங்களுக்கு ஒரு பிரதி வரும் என்றார். வெள்ளிக்கிழமை பிரதி வந்தது. பெயர் வைக்கச் சொல்லி அமலதாஸ் இன்னும் வாயைத் திறந்திருக்கவில்லை. எப்படிக் கேட்பது, கேட்கலாமா, கேட்டால் தப்பாக நினைப்பாரா என்ற யோசனையிலேயே இருந்தார். அதற்குள் மீனாட்சிசுந்தரம் தாமே ஒரு மரியாதை செய்துவிட்டார். பேரினத்தின் பெயருக்குப் பக்கத்தில், சாய்ந்த எழுத்தில், amaladasi என்று இருந்தது.

ஆசிரியர் அறையில் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து மருதுபாண்டிதான் அதைச் சத்தமாகப் படித்தார். "அமல... தாசி? தாசியா? என்ன சார், உங்களைப் பொம்பளையாவும் ஆக்கிப்புட்டாக, அதுலயும் தாசியாவும் ஆக்கிப்புட்டாக!"

அறையே சிரித்தது. அமலதாஸ், அது லத்தீன் மொழி, ஆண் பெயருக்குப் பின்னால் i என்ற எழுத்தைச் சேர்ப்பது வழக்கம், அதற்குத் தாசி என்று அர்த்தம் இல்லை, ஆனால்... என்று விளக்கப்போக, சிரிப்பு இன்னும் கூடிற்று. காதெல்லாம் சிவந்து வீடு வந்து சேர்ந்தார்.

ஞானபூரணி அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் சிரிப்பு அடங்கிற்று. "இருக்கட்டும். தாசியோ தாசனோ, உங்க பேருதான. வாத்தியாரு நீங்க, எழுதிப் போட்டது நீங்க. அதுதான் நியாயம்" என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் போனார்.

அமலதாஸ் உட்கார்ந்திருந்தார். பொய் சொல்லக்கூடாது, தன் பெயரைச் சாய்ந்த எழுத்தில் பார்த்தபோது அவருக்குள் ஒரு குளிர்ச்சி ஓடத்தான் செய்தது. தாசியாகவே இருந்தாலும். அதை விட மனசு வரவில்லை. விடாமலிருக்கவும் மனசு கேட்கவில்லை. கொல்லையில் வாளி இறங்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் சாக்கின் மேல் விழுகிற சத்தம் கேட்டது. மழைக்காலத்தில் அந்தச் சாக்குக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டிய அவசியமே இல்லை. போனை எடுத்தார்.

"சார், அந்தப் பேரை மாத்தணும்" என்றார்.

"உங்க பேர்தான் சார் அது. சேகரிச்சவங்க பேர் வைக்கிறது வழக்கம்."

"நான் சேகரிக்கல சார். பாத்தது, பிடிச்சது, கருவாடு போட்டது, வெயிலில் தண்ணி ஊத்துனது எல்லாம் என் வீட்டுக்காரம்மா."

"அப்படியா? சந்தோஷம் சார். அவங்க பேர் சொல்லுங்க."

இருபத்திரண்டு வருஷமாக வாயில் வராத பெயர். கொல்லைப் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டு, ஏதோ திருடுகிற மாதிரிக் குரலைத் தாழ்த்தி, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். பெண் பெயர் என்பதால் கடைசியில் வேறு எழுத்து வரும் சார், இங்கிலீஷ் ஏ, ஈ என்று இரண்டு எழுத்துச் சேர்க்கணும் என்றார் மீனாட்சிசுந்தரம். சேருங்கள் என்றார் அமலதாஸ். மனைவியிடம் சொல்லவில்லை. அச்சில் வரட்டும், ஏதாவது மாறிப்போய்விட்டால் என்ன செய்வது என்று பயம்.

பங்குனியில் ஒரு சாயங்காலம் கட்டுரை போனுக்கு வந்து சேர்ந்தது. கூடத்தில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மாறவில்லை. gnanapooraniae. அதை எப்படி உச்சரிப்பது என்றுதான் புரியவில்லை. கடைசியில் வருவது ஆவா, ஈயா, ஏயா? அவருடைய அப்பா கோயிலில் லத்தீன் பாட்டுப் பாடுகிற கூட்டத்தில் இருந்தவர். இந்த இரண்டு எழுத்தும் சேர்ந்து வந்தால் அவர் ஏ என்றுதான் பாடுவார். அது ஞாபகத்துக்கு வந்தது. அமலதாஸ் நிமிர்ந்து உட்கார்ந்து, சரியாக வருகிறதா என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார்.

"ஞானபூரணியே."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. பிரார்த்தனையில் மாதாவை அழைக்கிற மாதிரி இருந்தது அவருக்கே. இன்னொரு தரம், கொஞ்சம் பலமாகச் சொன்னார்.

"ஞானபூரணியே."

ஞானபூரணி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே நிலைப்படிக்கு வந்து நின்றார். முகத்தில் ஒன்றும் புரியாத ஒரு பயம். "என்னங்க... என்னையவா கூப்பிட்டீக?"

இல்லை, அந்தப் பிராணியோட பேரைத்தான் படிச்சுப் பாத்தேன் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதுதானே உண்மை. ஆனால் எது உண்மை என்பதில் அவருக்கு அந்த நிமிஷம் எந்தக் குழப்பமும் இல்லை.

"ஆமா" என்றார் அமலதாஸ். "உன்னையத்தான் கூப்பிட்டேன்."

ஞானபூரணி நிலைப்படியிலேயே நின்று, வழக்கம்போல அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தார். அந்த "ஆனால்" வரவில்லை.